நூற்பவர் கூடாரம்

மே மாதத்து முதல் திங்கட்கிழமை இங்கிலாந்தில் 1978 முதல் பொது விடுமுறையாக இருந்து வருவதால், சனி ஞாயிறோடு அதுவும் சேர்ந்து மூன்று நாட்களாகிவிடுகிற அந்த ஓய்வுக் காலத்தில், வாரமெல்லாம் காரியாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் உழைத்து அலுத்த ஜனங்கள் சிலர், மூட்டை முடிச்சுகளுடன் ஏதேனுமொரு புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்து, ஆயிரம் வருஷங்களுக்கு முந்திய ஸாக்ஸனியராகவும் வைக்கிங்குகளாகவும் உருமாறிவிடுகிறார்கள். வேலியோரத்து ஹாதார்ன் முட்செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து, தோப்பு நிழலில் புளூபெல் மலர்கள் நீலமாக விரிந்து கிடக்கும் பருவம் அது. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்து வீடொன்றின் கொல்லைப்புறத்தில் 1966 மே 1ஆம் தேதி நண்பர்கள் கூடி நடத்திய விருந்திலிருந்து வளர்ந்த மத்தியகால அபிமானிகளின் சங்கமொன்று, தன் வருஷக் கணக்கை இன்றளவும் அந்த மே தினத்திலிருந்தே எண்ணி வருகிறது. சரித்திர வேஷத்துக்கும் வசந்தத்துக்கும் அப்படியொரு பந்தம்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் போர்க்களத்தைச் சுற்றித்தான் மொய்க்கிறார்கள். கேடயங்கள் மோதுகிற ஓசையும் முனை மழுக்கிய வாள்களின் மின்னலும் குழந்தைகளை மட்டுமன்றிப் பெரியவர்களையும் வசீகரிக்கக் கூடியவையே என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், சற்றுமுன் மார்பில் வெட்டுண்டு வீழ்ந்த மகாவீரன், சீழ்க்கை ஒலித்ததும் எழுந்து, புல்லைத் தட்டிவிட்டுக் கொண்டு தேநீர் தேடிப் போகிறபோது, கண்டதெல்லாம் பாவனை என்பது பிரத்தியட்சமாகி விடுகிறது. அங்கிருந்து சில அடி தூரத்தில், கூட்டமில்லாத கூடாரமொன்றின் வாசலில் உட்கார்ந்து, மரக் கதிரின் அடியில் களிமண் சக்கரத்தைச் செருகி, விரல்களால் சுண்டிச் சுழலவிட்டுக் கம்பளி நூற்றுக் கொண்டிருக்கிறாளே ஒரு மாது, அவள் அணிந்திருப்பதும் வேஷந்தான். ஆனால் அவள் நூற்பது மெய்யான நூல். பத்தாம் நூற்றாண்டில் எந்த முறுக்கினால் ரோமம் இழையாயிற்றோ, அதே முறுக்கினால்தான் இன்றும் ஆகிறது. நம் ஆதாரப் பாடசாலைகளில் பிள்ளைகள் தக்ளி சுற்றிப் பஞ்சு நூற்ற காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த வித்தையை விளக்கவே வேண்டியதில்லை.

வேஷத்துக்கு வசப்படாத இன்னொன்று பருவகாலம். ஸோவே என்னும் சிற்றினத்து ஆடுகளின் குளிர்கால ரோமம், வசந்தத்தின் பிற்பகுதியில் புது மயிர் அடியிலிருந்து கிளம்பியதும், தானே வேரற்றுத் தளர்ந்துவிடும். கத்தரி வைக்காமல் கையாலேயே பிடுங்கி எடுக்கலாம். சில நாள் முந்தினால் ஆட்டுக்கு வலிக்கும், சில நாள் பிந்தினால் ரோமமெல்லாம் முட்புதர்களில் சிக்கிப் பறவைகளின் கூட்டுக்குப் போய்விடும். ஹாம்ப்ஷயரில் 1972ஆம் வருஷம் பட்ஸர் புராதனப் பண்ணையைத் தொடங்கிய பீட்டர் ரேனால்ட்ஸ், இரும்புக் காலத்து உழவர் வாழ்க்கையைப் பற்றி ஏட்டில் வாதிப்பதை விட, உழுது விதைத்து, இத்தகைய பழைய இனத்து ஆடுமாடுகளையே வளர்த்துப் பார்த்துத் தெரிந்து கொள்வது மேல் என்று கருதியவர். சரித்திர ஆராய்ச்சிக்கு வைகறையில் எழுந்து ஆட்டின் பின்னால் ஓடவேண்டிய அவசியத்தை உண்டாக்கிய அந்தப் பிடிவாதத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஸஃபக் பிரதேசத்து வெஸ்ட் ஸ்டோவில் 1965 முதல் 1972 வரை நடந்த அகழ்வில் ஆங்கிலோ ஸாக்ஸன் கிராமமொன்று வெளிப்பட்டபோது, கிடைத்த பொருள்களில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கத் தறியில் கட்டித் தொங்கவிடும் சுட்ட மண் குண்டுகளும் இருந்தன. நிமிர்த்தி வைத்த அத்தகைய தறியில் ஒருவர் நெய்வதற்கு வேண்டிய நூலைப் பலர் ஓயாது நூற்றாக வேண்டும். ஆகவே அக்காலத்துப் பெண்டிரின் பொழுது வாளோசையிலன்றிக் கதிரின் சுழற்சியிலேயே பெரும்பாலும் கழிந்திருக்கும். ஒற்றை ஊசியால் வளையம் வளையமாகக் கோத்துச் செய்த கம்பளிக் காலுறையொன்று யார்க் நகரத்துக் காப்பர்கேட்டில், வைக்கிங் காலத்து மண்ணடுக்கிலிருந்து கிடைத்திருக்கிறது. அப்படிக் கோக்கும் முறையைக் கற்றுக் கொண்டவர்கள், நூல் தீர்ந்ததும் அடுத்த இழையின் நுனியை உமிழ்நீரால் நனைத்து, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஒன்றாக்குவதைப் பார்க்கிற நாகரிகர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. சாயத் தொட்டியின் பழைய சேர்மானங்களில் மூத்திரமும் ஒன்று என்று கேள்விப்பட்டால் அவர்கள் கதி என்னவோ!

நீலத்துக்கு வோட் என்னும் செடி. அதன் இலையை ஊறப்போட்ட தொட்டியிலிருந்து நூலை வெளியே எடுக்கையில் மஞ்சளும் பச்சையுமாக இருந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். இதில் சாயமாக உள்ள வஸ்துவும் நம் அவுரியில் உள்ளதும் ஒன்றே. அவுரியில் அது மிகுதி. இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன அவுரி நீலம் ஐரோப்பிய வோட் விவசாயிகளின் பிழைப்பைக் கெடுத்ததும், அதைத் தடுக்க அரசாங்கங்கள் கடுமையான சட்டங்கள் போட்டதும் தனிக் கதை. நம் நாட்டுச் சரக்கு அயல்நாட்டாரை அழவைத்த சந்தர்ப்பங்கள் சரித்திரத்தில் அதிகமில்லையாதலால், அதைச் சற்றே நினைவுகூர்வதில் பிசகில்லை.

சிவப்புக்கு மேடர் என்னும் செடி. சோழமண்டலக் கரையில் துணி தோய்த்த நம் சாயவேருக்கு அது தாவரக் குடும்பத்தில் உறவு. அதற்கும் வேரில்தான் நிறம். நட்ட வருஷமே தோண்டினால் பயனில்லை, சுமார் மூன்று வருஷம் வேர் பருக்கவிட வேண்டும். ஆகையால் இந்த வசந்தத்தில் வீட்டுத் தோட்டத்து மூலையில் மேடர் நடுகிற ஒரு குமாஸ்தா, மூன்றாவது வருஷத்துச் சட்டைக்கு இப்போதே ஏற்பாடு செய்கிறாரென்று அர்த்தம். அதற்குள் அவர் வைக்கிங் குழுவோடு மனஸ்தாபங்கொண்டு டியூடர் காலத்தாரோடு போய்ச் சேர்ந்துவிட்டாலும் நஷ்டமில்லை. அந்தச் சிவப்பை இரு காலத்தவருமே உடுத்தியவர்கள்தாம்.