கேன்சர் இல்லைன்னு சொல்லிட்டாங்க... செலவு முடிஞ்சுதா?

"மூளையில் கட்டி இருக்கு, ஆனா கேன்சர் இல்லை." டாக்டர் இப்படிச் சொன்னா வீட்டில் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. ஆனா ஒரு சிஏவா சொல்றேன், பணக் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்குது.

கிரேனியோஃபாரிஞ்சியோமா. ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பி, கண் நரம்பு மூணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடத்தில் வளரும் அபூர்வமான கட்டி. வருஷத்துக்கு 10 லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான் வரும். அதிகமா வர்றது 5-14 வயசிலும் 50-74 வயசிலும். அதாவது உங்க குழந்தையோட வயசு, இல்லைன்னா அப்பா அம்மா வயசு.

ஆபரேஷன், ரேடியேஷன் முடிஞ்சு பல வருஷம் வாழ்றவங்க நிறைய பேர். ஆனா பழைய மாதிரி இருக்க முடியறதில்லை. பார்வை குறையலாம். கார்ட்டிசால், தைராய்டு ஹார்மோன்களுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படலாம். உடம்பில் தண்ணீர் நிற்காம ஓயாத தாகமும் சிறுநீரும் இருக்கலாம். இதுக்கு டெஸ்மோப்ரெஸ்சின் மருந்து வேணும். சர்க்கரை நோய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஹைபோதலாமஸ் பாதிச்சா சாப்பிட்ட பிறகும் பசி அடங்காது, எடை ஏறிக்கிட்டே போகும், பகலெல்லாம் தூக்கம் வரும். "வாயைக் கட்ட மாட்டேங்கறான்"னு திட்டாதீங்க. அது மன உறுதி சம்பந்தப்பட்டதே இல்லை.

இப்போ பணத்துக்கு வருவோம்.

1. ஹெல்த் இன்ஷூரன்ஸ்: ஆபரேஷன் செலவு கிடைக்கும். டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவு பல பாலிசிகளில் 60 நாள் வரைதான். 61-வது நாளிலிருந்து மாத்திரை, ஹார்மோன் டெஸ்ட், எம்ஆர்ஐ எல்லாம் பெரும்பாலும் உங்க பாக்கெட்டிலிருந்துதான்.

2. கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி: கேன்சர் பிரிவில் இது வராது. 'பினைன் பிரெயின் ட்யூமர்'னு தனிப் பிரிவு உங்க பாலிசியில் இருக்கான்னு பாருங்க. ஐஆர்டிஏஐ வரையறைப்படி ஆபரேஷன் அல்லது ரேடியேஷன் செய்திருந்தா க்ளெய்ம் உண்டு. ஆனா பிட்யூட்டரி கட்டிகளும், நீர்க்கட்டிகளும் அதில் விலக்கு. இந்தக் கட்டி பிட்யூட்டரியில் தோன்றும் கட்டி இல்லை. பக்கத்தில் இருக்கும், நிறைய நேரம் உள்ளே நீர் கோத்திருக்கும். அதனால பயாப்சி ரிப்போர்ட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் நோயோட பேர் தெளிவா இருக்கணும்.

3. வரி: 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பட்டியலில் இருப்பது பரவும் தன்மையுள்ள கேன்சர்தான், இது சேராது. ஆனா பார்வை இழப்பு போன்ற குறைபாடு 40 சதவீதம் அல்லது அதுக்கு மேல்னு சான்றிதழ் இருந்தா, உங்களைச் சார்ந்தவருக்காக 80டிடியில் ₹75,000 கழிக்கலாம். 80 சதவீதம் அல்லது அதுக்கு மேல்னா ₹1,25,000. பழைய வரி முறையில் மட்டும்.

சரி, இன்னைக்கு என்ன செய்யலாம்?

கம்பெனி பாலிசியை மட்டும் நம்பாதீங்க. வேலை போனா அதுவும் போயிடும். நோய் வந்த பிறகு புது பாலிசி கேட்டா மறுக்கலாம்; கொடுத்தாலும் அந்த நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கணும். எல்லாரும் நல்லா இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனி பாலிசி எடுத்துடுங்க.

வீட்டில் ஏற்கெனவே இந்த நோய் இருந்தா, ஒரு வருஷ மருந்துச் செலவை எமர்ஜென்சி ஃபண்டோட கலக்காம தனியா வைங்க. பணம் இல்லைன்னு ஹைட்ரோகார்ட்டிசோனை நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தா டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவுன்னு டாக்டரிடம் இப்பவே எழுதி வாங்கி பர்ஸில் வைங்க.

உங்க பாலிசியின் விலக்குப் பட்டியலை இன்னைக்கே ஒரு தடவை படிச்சிடுங்க. புரியாத வரி இருந்தா கமென்ட்ல கேளுங்க.