கொடுத்தது எவ்வளவு? சேர்ந்தது யாருக்கு?

போர் ஓய்ந்த நாட்டிற்குப் பிற நாடுகள் உதவுவது புதிதன்று. அவ்வுதவி பயன் தந்ததா என்பதை எதைக் கொண்டு அளப்பது? வழங்கிய தொகையைக் கொண்டா, எழும்பிய சுவர்களைக் கொண்டா? அண்டை நாடான இலங்கையின் அனுபவம் இதற்கு விடை கூறும்.

2003 ஜூன் மாதம் டோக்கியோவில் கூடிய உலக நாடுகள், இலங்கையின் மறுசீரமைப்புக்குச் சுமார் 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. அமைதிப் பேச்சின் முன்னேற்றத்தோடு அவ்வுதவி பிணைக்கப்பட்டிருந்தது. பேச்சு முறிந்தது, போர் மீண்டது.

2009 மே மாதம் போர் முடிந்தபின், இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. அவற்றுள் 46,000 வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு உரியவை. 2012 அக்டோபரில் தொடங்கிய கட்டத்தில், புதிய வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், பணி முன்னேற முன்னேறத் தவணைகளாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே சேர்ந்தது. தம் வீட்டைத் தாமே கட்டும் இம்முறை மெச்சத்தக்கது.

ஆயினும் ஒரே அளவுத் தொகை எல்லா ஊருக்கும் பொருந்துமா? நம் கொல்லிமலைக்குச் சிமெண்டு மூட்டை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். அடிவாரத்துச் செலவில் மலைமேல் வீடு முடியாது. வன்னியின் உட்கிராமங்களுக்கும் இது பொருந்தும். நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் வீட்டை முடித்தோர் அங்கு உண்டு. கூரையோடு கடனும் வந்தால் அது முழு உதவியாகாது.

மற்றொரு கேள்வி இன்னும் கனமானது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் இருபது ஆண்டுகளாக அகதிகளாய் வாழ்ந்தனர். போருக்குப் பின், இறுதிக் கட்டத்தில் இடம்பெயர்ந்தோருக்கே முன்னுரிமை தரப்பட்டது. முள்ளிவாய்க்காலின் பேரழிவிலிருந்து மீண்டோருக்கு முதலிடம் அளித்ததில் குறை காண இயலாது. ஆனால், 'பழைய அகதிகள்' என்னும் பெயரே ஒரு சமுதாயத்தைப் பட்டியலின் அடியில் தள்ளலாமா? அன்று ஒரு குடும்பமாகப் புறப்பட்டோர், பிள்ளைகள் மணமுடித்துப் பல குடும்பங்களாய்ப் பெருகிவிட்டனர். விட்டுச்சென்ற நிலமோ பெருகவில்லை.

உதவிப் பணம் ஓர் அமானிதம். கொடுத்தவரின் கணக்கு முடியுமிடத்தில் பெற்றவரின் கணக்கு தொடங்குகிறது. குடியேறியவர் கடனின்றி வாழ்கிறாரா? பிழைப்புக்கு வழியுண்டா? பிள்ளைக்குப் பள்ளி அருகிலுண்டா? பட்டியலில் விடுபட்டவர் யார்? இவற்றைக் கேளாத அறிக்கை எத்தனை பக்கங்கள் நீண்டாலும் பாதி அறிக்கையே.