கிராம நலமும் பாறுகளும்

கற்களை வளைவாக அடுக்கிக் கட்டிய வாயிலைப் பலரும் கண்டிருப்பர். அவ்வளைவின் உச்சியில் ஒரு கல் இறுக்கப்பட்டிருக்கும். அளவில் அது மற்றக் கற்களைப் போன்றதே; ஆயினும் அதனைப் பெயர்த்தால் வளைவு முழுவதும் சரிந்து விழும். உயிரினங்களின் கூட்டு வாழ்விலும் இத்தகைய உச்சிக்கல் போன்ற இனங்கள் உண்டு. அமெரிக்க அறிஞர் ராபர்ட் பெயின், 1963 ஆம் ஆண்டு தொடங்கி, வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளிலிருந்து ஒரு வகை நட்சத்திர மீனை மட்டும் நீக்கி வந்தார். அதற்கு இரையாகி வந்த சிப்பிகள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்ளவே, அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன.

நம் நாட்டுச் சிற்றூர்களுக்குப் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகே அத்தகைய உச்சிக்கல்லாக விளங்கியது. கூட்டமாக இறங்கும் பாறுகள், இறந்த மாட்டின் உடலை ஒரு மணி நேரத்திற்குள் எலும்பாக்கிவிடும். அவற்றின் இரைப்பையிலுள்ள கடும் அமிலம் நோய்க் கிருமிகளுள் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். கூலியின்றி நடைபெற்ற இச்சுகாதாரப் பணியின் மதிப்பு, அது நின்ற பின்னரே புலனாயிற்று.

1992 க்கும் 2007 க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளுள் 100 க்கு 99 க்கும் மேற்பட்டவை அழிந்தன. மாடுகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் போடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே காரணம் என்பது 2004 இல் தெளிவாயிற்று. மருந்து ஏற்றிய சில நாட்களுக்குள் மாடு இறப்பின், அதன் இறைச்சியை உண்ணும் பாறு சிறுநீரகம் கெட்டு மடிகிறது. 100 சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே இவ்வழிவுக்குப் போதும் என அறிஞர் கணக்கிட்டனர். பாறு ஆண்டிற்கு ஒரு முட்டையே இடுவதால் இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

பாறுகள் மறைந்த இடங்களில் சடலங்கள் அழுகிக் கிடந்தன, நீர்நிலைகள் மாசுற்றன, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி அபாயமும் வளர்ந்தது. 2000 முதல் 2005 வரை இதன் விளைவாக ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் கூடுதலாக இறந்தனர் என 2024 இல் வெளிவந்த பொருளாதார ஆய்வொன்று மதிப்பிடுகிறது.

கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் 2006 இலும், கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவை 2023 இலும் தடை செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் எஞ்சிய பாறுகள் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டி வாழ்கின்றன. அவற்றைக் காப்பது வனத்துறையினரின் கடமை மட்டுமன்று. மனிதருக்கென விற்கப்படும் வலி மருந்தை மாட்டிற்கு ஏற்றக் கால்நடை வளர்ப்போர் இடந்தரலாகாது. கால்நடை மருத்துவரை அணுகி, பாறுகளுக்குக் கேடற்ற மெலாக்சிகம் போன்ற மருந்தைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். மாட்டைக் கொன்ற புலியையோ சிறுத்தையையோ ஒழிக்க எண்ணிச் சடலத்தில் நஞ்சிடுவது சட்டப்படி குற்றம். அந்நஞ்சு பாறுகளையும் கூட்டமாக வீழ்த்தும். ஊராட்சி மன்றத் தலைவர்கள் இச்செய்திகளைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் நலம். ஒரு மாட்டிற்கு இடும் ஊசியில் ஊரின் சுகாதாரமும் அடங்கியுள்ளது என்பதை ஒவ்வொருவரும் உணர்தல் வேண்டும்.