உடவளவையில் ஒரு நாள்

குடும்பத்தார் அனைவரும் ஒன்றுசேர்ந்து ஓரிடத்துக்குப் போய்வருவது எளிதான கருமம் அன்று. தகப்பனாருக்கு விடுமுறை கிடைக்கும் நாளிற் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை வரும் நாளிற் பாட்டியாருக்கு முழங்கால் நோவு வந்துவிடும். இத்தடைகள் யாவும் ஒருங்கே நீங்கிய சனிக்கிழமை ஒன்று சென்ற மாதம் எமக்கு வாய்த்தது. அதனை வீணாக்க எவருக்கும் மனம் வரவில்லை. எமது மூத்த மைந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுவதற்கு மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன.

"அவன் போறதுக்கு முன்னம் எல்லாருமாய் ஒருக்கால் எங்கையாவது போட்டு வருவம்" என்றார் எமது துணைவியார். அவ்வார்த்தையைச் சொல்லும்போதே அவர் குரல் சற்றுத் தழுதழுத்தது.

எங்கே போவது என்பதை முடிவு செய்தவள் ஏழு வயதான இளைய மகள். யானை பார்க்க வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். பின்னவலைக்கு முன்னரே போயிருந்தோம். ஆகையால், உடவளவைக்குப் போகலாம் என்று மைந்தன் சொன்னான். அங்கே தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் நிலையம் ஒன்றும், காட்டு யானைகள் உலாவும் தேசிய பூங்காவும் அருகருகே உள்ளன என்று விளக்கினான். அம்மம்மாவும் உடனே சம்மதித்தார். சம்மதித்ததோடு நில்லாமல், முதல் நாள் மாலையே வெள்ளவத்தைச் சந்தையில் இரண்டு சீப்புக் கதலி வாழைப்பழமும் வாங்கிவிட்டார்.

"யானைக்குப் பழம் குடுத்தால் புண்ணியம் எண்டு எங்கடை ஆச்சி சொல்லுவா" என்பது அவர் கூறிய நியாயம். அந்தப் பழப் பையைச் சின்னவள் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வழிப் பிரயாணம்

அதிகாலை ஐந்து மணிக்கு வாடகை வானிற் புறப்பட்டோம். அவிசாவளையைத் தாண்டியதும் இறப்பர்த் தோட்டங்களின் குளிர் முகத்தில் வீசியது. இரத்தினபுரியை அண்மித்ததும் வயல்களின் நடுவே கிடுகுக் கூரையிட்ட இரத்தினக்கற் குழிகளைக் கண்டோம். வழியில் ஒரு மரநிழலில் வானை நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியப்பத்தையும் சம்பலையும் உண்டோம். பெல்மதுளையிற் பிரியும் வீதி எம்பிலிப்பிட்டியத் திசையாகத் தெற்கே இறங்குகிறது. அவ்வழியே செல்லச் செல்ல மலைகள் பின்வாங்கின. ஈர வலயத்தின் பசுமை மறைந்து, வறண்ட வலயத்தின் பற்றைக் காடும் வெயிலும் எதிர்ப்பட்டன. ஐந்து மணி நேரப் பிரயாணத்தில் இரண்டு நாடுகளைக் கண்டது போன்ற உணர்ச்சி உண்டாயிற்று.

பன்னிரண்டு மணிக்குப் பால்

யானைக் குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்தை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் 1995 ஆம் ஆண்டில் நிறுவியது. சிங்களத்தில் இதனை 'எத் அத்துரு செவன' என்பர். தாய் சுடப்பட்டு இறந்த குட்டிகள், பாழ்ங்கிணற்றிலும் குழியிலும் வீழ்ந்து கூட்டத்தைப் பிரிந்த குட்டிகள், கண்ணியில் அகப்பட்டுக் காயமுற்ற குட்டிகள் முதலியன நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இங்கே கொண்டுவரப்படுகின்றன. மிருக வைத்தியர்கள் அவற்றுக்குச் சிகிச்சை செய்கின்றனர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குட்டிகளுக்குப் பால் ஊட்டப்படுகிறது. பொதுமக்கள் உயரமான மேடையில் அமர்ந்து, கம்பி வேலிக்கு இப்பால் இருந்து அதனைப் பார்க்கலாம்.

நாம் பன்னிரண்டு மணிப் பாலுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். பாடசாலைப் பிள்ளைகள் பலர் எமக்கு முன்னரே அங்கே அமர்ந்திருந்தனர். வாயில் திறக்கப்பட்டதுதான் தாமதம், நாலைந்து குட்டிகள் காதுகளை விரித்துக்கொண்டு, தும்பிக்கையை உயர்த்தியபடி ஓடிவந்தன. பணியாளர் ஒருவர் புனலில் பாலை வார்க்க, அதிற் பொருத்திய குழாயை வாய்க்குள் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு குட்டியும் ஒரே மூச்சில் குடித்தது. குடித்து முடிந்ததும் அவை குழை குவித்திருந்த பக்கத்துக்குத் துரத்தப்பட்டன. உடனே அடுத்த கூட்டம் வந்தது.

எல்லாவற்றிலும் சிறிய குட்டி ஒன்று குழாயை விட மனமின்றி நின்றது. பணியாளரின் காலில் தும்பிக்கையைச் சுற்றி, இன்னும் தா என்று கேட்பது போல் முனகியது. அவர் அதனைத் தடவிக் கொடுக்கவில்லை. கையால் மெல்லத் தள்ளி, மற்றக் குட்டிகளை நோக்கித் திருப்பிவிட்டார்.

"பாவம் அப்பா! ஏன் தள்ளுறார்?" என்று சின்னவளின் கண்கள் கலங்கின. பழப் பையைத் தூக்கிக்கொண்டு வேலியருகே ஓடினாள். காவலுக்கு நின்ற ஊழியர் ஒருவர் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். ஆயினும் கடிந்து பேசவில்லை. அவர் சிங்களத்திற் சொன்னதை எமது மைந்தன் தமிழாக்கினான்.

"தங்கச்சி, நீ பழம் தந்தால் அது உன்னை நேசிக்கும். மனிதரை நேசித்தால் அது காட்டுக்குப் போகாது. போனாலும் மனிதரைத் தேடித் திரும்பி வரும். வந்தால் சுடுவார்கள்."

நாம் எல்லோரும் பேச்சற்று நின்றோம்.

பின்னவலைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அப்பொழுதுதான் எமக்குத் தெளிவாயிற்று. 1975 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட பின்னவலை யானைகள் சரணாலயத்தில் யானைகள் மனிதரோடு பழகி, மனிதரின் பராமரிப்பிலேயே வாழ்கின்றன. உடவளவையிலோ, வளர்ப்பதே அனுப்பி வைப்பதற்காகத்தான். பால் நேரம் தவிர்ந்த மற்றப் பொழுதெல்லாம் குட்டிகள் அருகிலுள்ள காட்டிலும் நீர்க்கரையிலும் ஒன்றோடொன்று பழகித் திரிய விடப்படுகின்றன. குழை ஒடிப்பதையும் சேறு பூசுவதையும் கூட்டமாக நடப்பதையும் அவை தம் தோழரிடமே கற்றுக்கொள்கின்றன. ஏறக்குறைய ஐந்து வயதானதும் ஒன்றாக வளர்ந்தவை சேர்த்தே காட்டில் விடப்படுகின்றன. முதலாவது கூட்டம் 1998 ஆம் ஆண்டில் விடப்பட்டது. அன்று தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகள் காடேகியுள்ளன. அவற்றுட் சில, காட்டிலேயே குட்டி ஈன்று தாயாகியும் விட்டன.

யானை தன் கருவை ஏறக்குறைய இருபத்திரண்டு மாதங்கள் சுமக்கிறது. பிறக்கும் கன்று 100 கிலோகிராம் வரை நிறையுள்ளது. தாய்ப்பாலை அது ஆண்டுக்கணக்கிற் குடிக்கிறது. இத்துணை நீண்ட தாய்மையின் இடத்தை ஒரு புனலும் குழாயும் நிரப்ப வேண்டியுள்ளது. நிரப்பிய பின், தாயாகிவிடாமல் விலகியும் நிற்க வேண்டியுள்ளது. அந்தப் பணியாளரின் வேலை எவ்வளவு கடினமானது என்பதை எண்ணிப் பார்த்தோம்.

வீதியோரத்து யாசகர்

மரநிழலிற் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டபின், அணைக்கட்டின்மேல் அமைந்த நெடிய வீதியாற் சென்றோம். ஒரு புறம் கடல்போல் விரிந்த நீர்ப்பரப்பு. நீரினுள் பட்டுப்போன மரங்கள். அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள். வளவை கங்கையை மறித்து 1960 களில் இந்த நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அதனால் இடமிழந்த விலங்குகளுக்குப் புகலிடமாகவே இத்தேசிய பூங்கா 1972 ஆம் ஆண்டு யூன் மாதம் 30 ஆந் திகதி பிரகடனஞ் செய்யப்பட்டது. இதன் பரப்பு 30,821 ஹெக்டேயர்.

அணையைத் தாண்டித் தணமல்வில நோக்கிப் போகும் வீதியில், பூங்காவின் மின்சார வேலி எம்மோடு கூடவே வந்தது. ஓரிடத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. வேலிக்கு அப்பால் பெரிய ஆண் யானை ஒன்று வீதியைப் பார்த்தபடி நின்றது. வீதியின் மறுகரையில் வத்தகப்பழமும் வாழைப்பழமும் கரும்பும் விற்கும் கடைகள் இருந்தன. வாகனத்தில் வந்தோர் பழத்தை வாங்கி வேலிக்கு மேலால் எறிய, யானை தும்பிக்கையால் எடுத்து உண்டது. உண்ட பின் மறுபடியும் கம்பியருகே வந்து நின்றது. கைபேசியிற் படம் எடுப்போரின் ஆரவாரம் பெரிதாயிருந்தது.

சாரதி வழக்கம்போல் வானை நிறுத்தினார். அம்மம்மா சின்னவளைப் பார்த்தார். சின்னவள் பழப் பையைப் பார்த்தாள். காலையிலே இக்காட்சியைக் கண்டிருந்தால் நாமே முதலிற் குதித்திறங்கியிருப்போம் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். இப்பொழுதோ அந்த யானை கோயில் வாசலில் யாசிக்கும் ஒருவரைப் போலவே எமக்குத் தோன்றிற்று. நாளொன்றுக்கு 150 கிலோகிராம் வரை உணவு தேடித் தின்னும் வல்லமையுள்ள பிராணி, இரண்டு வாழைப்பழத்துக்காக வெயிலில் நாள் முழுவதும் காத்து நிற்கிறது!

"கொடுத்தால் என்ன அண்ணா? இது பெரிய யானைதானே?" என்று சின்னவள் கேட்டாள்.

மைந்தன் பொறுமையாக விளக்கினான். வீதியிற் பழம் தின்று பழகிய யானை காட்டில் இரை தேடும் வழக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். பழம் கிடையாத நாளில் வேலியைத் தகர்க்கும், வாகனங்களை வழிமறிக்கும். அதன்பின் ஆளுக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து. இன்னொன்றும் உண்டு. பழத்தினுள் வெடிமருந்தை மறைத்துவைக்கும் 'ஹக்கபட்டாஸ்' என்னும் கொடிய பொறியினால் எத்தனையோ யானைகள் வாய் சிதைந்து, உண்ண முடியாமற் பட்டினியால் இறந்திருக்கின்றன. அன்போடு நீட்டிய பழத்துக்கும் வஞ்சகப் பழத்துக்கும் உள்ள வேற்றுமையை யானை எவ்வாறு அறியும்?

2011 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 காட்டு யானைகள் காணப்பட்டன. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். ஓர் இரவிற் பயிர் முழுவதையும் இழக்கும் கமக்காரனின் துயரும் சிறியதன்று. யானை காட்டிலும் மனிதன் ஊரிலும் இருக்க வழிகாண்பதே இரு திறத்தாருக்கும் நன்மை. அவ்வாறிருக்க, உல்லாசத்துக்காக வந்த நாம் யானையை வீதிக்கு அழைப்பது முறையோ?

அம்மம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "தம்பி, வானை எடும்" என்று சாரதிக்குச் சொன்னார்.

காட்டினுள்ளே

மாலை மூன்று மணியளவில் ஜீப் வண்டியில் பூங்காவினுள் நுழைந்தோம். திணைக்களத்து வழிகாட்டி ஒருவரும் உடன் வந்தார். மயில்கள், புள்ளிமான்கள், சேற்றிற் கிடந்த எருமைகள், நீர்க்கரையில் வாய்பிளந்து கிடந்த முதலை ஒன்று ஆகியவற்றைக் கண்டோம். ஒரு வளைவில் வழிகாட்டி கையசைக்க, ஜீப்பின் இயந்திரம் நிறுத்தப்பட்டது. இலுக்கம் புல்லின் நடுவே ஒன்பது யானைகள் நின்றன. அவற்றின் கால்களுக்கிடையே ஒரு கன்றும் தெரிந்தது.

அவை எம்மைச் சட்டை செய்யவேயில்லை. புல்லைக் காலால் எற்றிப் பிடுங்கி, மண் போக உதறி உண்டுகொண்டிருந்தன. பால் நிலையத்தில் வளர்ந்த யானைகளும் இக்கூட்டங்களில் உண்டா என்று கேட்டோம். இருக்கலாம் என்றும், காட்டோடு நன்றாகக் கலந்துவிட்டதைக் கண்ணாற் பார்த்து வேறுபிரிப்பது எளிதன்று என்றும் வழிகாட்டி சொன்னார். ஆண் கன்றுகள் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுத் தனியே போய்விடும் என்பதையும் அவர் கூறினார்.

அச்சமயம் எமது துணைவியார் மைந்தனைத் திரும்பிப் பார்த்தார். அவன் அதனைக் கவனியாதவன் போல் தூரத்து மரமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில்

இருள் சூழ்ந்தபின் பெல்மதுளையில் ஒரு தேநீர்க் கடையருகே இறங்கினோம். சின்னவள் பழப் பையை அவிழ்த்து, எல்லோருக்கும் இவ்விரண்டு பழம் பங்கிட்டாள். சாரதிக்கு நான்கு கிடைத்தது. அம்மம்மா தம் பங்கை உரித்துக்கொண்டே, "புண்ணியம் அந்தப் பால் வாத்த பெடியனுக்குத்தான்" என்றார்.

வீடு சேருமுன் துணைவியார் எம்மிடம் மெல்ல ஒரு வார்த்தை சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சோற்றுப் பொதியோடு பேராதனைக்குப் போவது என்று அவர் முன்னரே தீர்மானித்திருந்தார். "மாசத்துக்கு ஒருக்கால் போனால் போதும் போலை கிடக்கு" என்றார் இப்பொழுது. அதனைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பிரயாசை வேண்டியிருந்தது என்பதை நாம் அறிவோம்.

அடுத்த விடுமுறையில் உடவளவைக்குப் போக எண்ணும் குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. பால் ஊட்டும் வேளைக்கு அரைமணி முந்திப் போங்கள். பிள்ளைகளுக்கு முன்வரிசை கிடைக்கும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். பழமும் எடுத்துச் செல்லலாம். ஆனால், அதனை நீங்களே உண்ணுங்கள்.