ஒரு வயர் போதாதா? – பழைய கேம் பெட்டியும் புதிய கன்சோலும்

"அப்பா, இதுல நம்ம கன்சோலை மாட்ட முடியாதா? ஒரு வயர் போட்டா போதாதா?"

பழைய சாமான் கடையில் தூசி படிந்து நின்ற வீடியோ கேம் பெட்டியைப் பார்த்து ஒரு பையன் கேட்ட கேள்வி இது. அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் டோக்கன் வாங்க வரிசையில் நின்ற தன் பள்ளி நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன. விலை பேசி, டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். இப்படிக் கொண்டு வந்தவர்களுக்கும், இனிமேல் கொண்டு வரப் போகிறவர்களுக்குமாக எழுதப்பட்டது இக்கட்டுரை.

முடியுமா என்றால் முடியும். ஒரு வயரில் முடியாது. நடுவில் நான்கு தடைகள் இருக்கின்றன: வேகம், மொழி, பலம், மின்சாரம். முதல் மூன்றில் தவறினால் பணம் போகும். நான்காவதில் தவறினால் உயிர் போகும். மற்றதைப் படிக்காவிட்டாலும் நான்காவதை மட்டும் படிக்காமல் விடாதீர்கள்.

வேகம்

பிக்சர் டியூபில் படம் ஒரேயடியாக வந்துவிடுவதில்லை. டியூபின் கழுத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் கற்றை, நாம் நோட்டில் எழுதுவது போல, இடமிருந்து வலமாக ஒரு வரி எழுதி, சட்டென்று திரும்பி அடுத்த வரியைத் தொடங்குகிறது. இப்படி மேலிருந்து கீழே வந்தால் ஒரு பக்கம் முடிந்தது. பார்லர் பெட்டிகளில் விநாடிக்குச் சுமார் 60 பக்கம். பக்கத்துக்குச் சுமார் 262 வரி. பெருக்கிப் பாருங்கள்: 15,720. இதனால்தான் இவற்றை '15 கிலோஹெர்ட்ஸ் மானிட்டர்' என்கிறார்கள். அந்த 262-லும் கண்ணுக்குத் தெரிவது 240 வரி வாக்கில்தான். மற்றது கற்றை கீழிருந்து மேலே திரும்பிப் போகும் நேரம்.

1980-ல் நாம்கோ வெளியிட்ட பேக்-மேனும், 1991-ல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ம் இந்த ஜாதிதான். இரண்டுக்கும் படம் 224 வரி. பேக்-மேன் பெட்டியில் மட்டும் டியூபைத் திருப்பி நெட்டுக்குத்தாகப் பொருத்தியிருப்பார்கள்.

இப்போது கன்சோலின் கணக்கைப் பார்ப்போம். 1080 பி என்றால், மறைந்திருக்கும் வரிகளையும் சேர்த்துப் பக்கத்துக்கு 1,125 வரி, விநாடிக்கு 67,500. 720 பி என்றால் 750 வரி; விநாடிக்கு 45,000. 480 பி என்றால் 525 வரி, விநாடிக்கு 31,500. மாட்டு வண்டியில் ரேஸ் குதிரையைப் பூட்டினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும். படம் கிழிந்து கிழிந்து ஓடும், கீச்சென்று சத்தம் வரும். அப்படியே விட்டால் மானிட்டரின் ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடாகிப் பொசுங்கிவிடும். பழைய மானிட்டர்களில் பலவற்றுக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது.

வழி, இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 31,500-ல் பாதி 15,750. அதாவது 480 வரிப் படத்தில் ஒருமுறை ஒற்றைப்படை வரிகளையும் மறுமுறை இரட்டைப்படை வரிகளையும் அனுப்பினால் பழைய மானிட்டரால் அதை ஏற்க முடியும். இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். இந்த வேலையைச் செய்யும் கருவியைத்தான் ஸ்கேன் கன்வெர்ட்டர் அல்லது டவுன்ஸ்கேலர் என்கிறார்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற கன்சோலில் செட்டிங்ஸுக்குள் போய் 480 பி என்றே வைக்கலாம். பிறகு கன்வெர்ட்டருக்குப் பாதி வேலைதான்.

கடையில் ஒரு பொறி உண்டு, ஜாக்கிரதை. லாமிங்டன் ரோடானாலும் சரி, எஸ்.பி. ரோடானாலும் சரி, லஜ்பத் ராய் மார்க்கெட்டானாலும் சரி, "ஆர்கேட் கன்வெர்ட்டர் போர்டு" என்று கேட்டால் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் எதிர்த்திசைப் போர்டாக இருக்கும். அது பழைய கேம் போர்டின் 15 கிலோஹெர்ட்ஸைப் புதிய மானிட்டருக்காக 31-ஆக உயர்த்துவது. நமக்கு வேண்டியது 31-ஐ 15-ஆக இறக்குவது. "உள்ளே எது, வெளியே எது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

மொழி

கன்சோல் பேசுவது எச்.டி.எம்.ஐ.; அது முழுக்க டிஜிட்டல். மானிட்டருக்குப் புரிவது அனலாக் மட்டும். அதிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயரில் வர வேண்டும். வரியை எப்போது தொடங்குவது என்று சொல்லும் 'சிங்க்' இன்னொரு வயரில் வர வேண்டும். 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-ல் எச்.டி.எம்.ஐ.யோடு அனலாக் வெளியீடும் இருந்தது. 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே புதியவற்றுக்கு முதலில் எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.வாக மாற்றும் சின்னக் கருவி தேவை. அதன் பிறகே டவுன்ஸ்கேலர்.

"எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி. என்று மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது. அதன் மஞ்சள் வாயில் வரும் சிக்னலில் வேகம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று நிறமும் ஒன்றாகக் கலந்து வரும். வீட்டு டி.வி.க்குள் அதைப் பிரித்தெடுக்கும் பகுதி உண்டு. பார்லர் மானிட்டருக்குள் அது வழக்கமாக இருக்காது.

வி.ஜி.ஏ.வில் சிங்க் இரண்டு வயராக வரும். பார்லர் மானிட்டர்கள் பலவும் இரண்டும் சேர்ந்த ஒரே சிங்க்கைத்தான் எதிர்பார்க்கும். டவுன்ஸ்கேலரே சேர்த்துத் தந்துவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் 74எல்.எஸ்.86 என்ற சில ரூபாய் ஐ.சி. ஒன்றை வைத்துச் சேர்த்துவிடலாம்.

பலம்

கன்சோல் பக்கத்திலிருந்து வரும் நிற சிக்னல் 0.7 வோல்ட். பார்லர் கேம் போர்டுகள் அதைவிடப் பல மடங்கு பலமாக அனுப்பிப் பழகியவை. மானிட்டரும் அதற்கேற்பச் செய்யப்பட்டது. நேராக மாட்டினால் படம் வரும், ஆனால் கிரகணத்தன்று பார்ப்பது போல மங்கலாக இருக்கும். உடனே நம்மவர்கள் டியூபின் பின்னால் கையை விட்டு 'ஸ்க்ரீன்' குமிழைத் திருகுவார்கள். கறுப்பு சாம்பலாகும், குறுக்கே கோடுகள் விழும், டியூபின் ஆயுள் குறையும். குமிழைத் தொடாதீர்கள். நடுவில் ஒரு வீடியோ ஆம்ப்ளிஃபயர் போடுங்கள்.

மின்சாரம்

வேலையில் முதலாவதாகச் செய்ய வேண்டியது இதுதான். அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கடைசியில் வைத்திருக்கிறேன்.

பழைய பார்லர் மானிட்டர்கள் பலவற்றில் உள்ளே வரும் மின்சாரம் நேராக ரெக்டிஃபயருக்குப் போகிறது. அப்படிப்பட்ட மானிட்டரின் 'கிரவுண்ட்' உண்மையில் கிரவுண்டே அல்ல; அது வீட்டு மின்சாரத்தோடு தொடர்புள்ளது. இது ஆபத்து என்று தெரிந்துதான், செய்தவர்கள் பெட்டியின் அடியில் கனமான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்தார்கள். அதில் உள்ளே வரும் சுருளும் வெளியே போகும் சுருளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அந்த இடைவெளிதான் பாதுகாப்பு.

பெட்டியை உடைத்து மானிட்டரை மட்டும் எடுத்து வருகிறவர்கள், அந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பழைய இரும்பு என்று விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பிறகு மானிட்டரை நேரே சுவரில் செருகிக் கன்சோலையும் மாட்டினால், கேபிளின் உறை வழியாக 230 வோல்ட் கன்சோலின் உடம்புக்கே வந்துவிடும். கன்சோல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பட்டென்று வெடித்து எல்லாம் போகும். தொடாமல் இருந்தால் இன்னும் மோசம். எதுவும் வெடிக்காது, படமும் வரும். வயர் வைத்த கன்ட்ரோலரோடு குழந்தை உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் 120 வோல்ட் வேண்டும். நாம் மிக்ஸிக்கு வாங்குவது போல ஒரு ஸ்டெப்-டவுன் வாங்கி வைப்போம். அவற்றில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகை. ஒரே சுருளில் நடுவில் தட்டி எடுத்தது. வோல்டேஜைக் குறைக்கும், ஆனால் பிரிக்காது. சோதிப்பது சுலபம். எதிலும் செருகாமல் தனியே வைத்து, உள்ளே வரும் வயருக்கும் வெளியே போகும் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். தொடர்பே காட்டக் கூடாது. சில ஓம் காட்டினால் அது ஆட்டோ. இந்த வேலைக்கு ஆகாது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் சும்மா இருக்காது. அதன் மேல் இருக்கும் ரப்பர் தொப்பியின் அடியில் ஓடியது 20,000 வோல்ட்டும் அதற்கு மேலும். அணைத்த பிறகும் அந்தச் சக்தி உள்ளே தங்கியிருக்கும். அதை இறக்கும் முறை பழைய டி.வி. மெக்கானிக்குகளுக்குத் தெரியும். தெரியாதவர்கள் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம்.

மற்றவை

ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் வெறும் ஸ்விட்சுகள். கன்சோலுக்கு ஏற்ற யு.எஸ்.பி. என்கோடர் போர்டு ஒன்று போதும். ஒலிக்குச் சின்ன ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கன்சோலுக்கு அதன் சொந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். எதையும் மாட்டுவதற்கு முன், பழைய கேம் போர்டிலேயே மானிட்டர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பின்னால் பழுது வந்தால் யார் குற்றம் என்று தெரியும்.

எல்லா விளையாட்டும் அழகாக வராது. 16:9 அகலத்துக்குச் செய்த படம் 4:3 திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வரும், அல்லது ஒடுங்கி வரும். சின்ன எழுத்துகள் மினுக்கிக்கொண்டு படிக்கவே முடியாது. ஆனால் பழைய பார்லர் விளையாட்டுகளின் மறுபதிப்பைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒளி பழையபடி நடமாடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பார்லர் மானிட்டர்களுக்கான டியூப் இன்று புதிதாகச் செய்யப்படுவதில்லை, எரிந்தால் எரிந்ததுதான். அதைத் திறக்கத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் காலனியில் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் டி.வி. மெக்கானிக் ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள், பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வேலை முடிவதற்குள் தன் கேள்விக்குப் பதிலை அவனே சொல்லிவிடுவான்.