மீனை எண்ணியவரின் மேற்கோள் கணக்கு

கனடாவின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், கல்டஸ் என்று ஒரு சிறிய ஏரி இருக்கிறது. அதிலிருந்து வடியும் ஸ்வெல்ட்ஸர் ஓடையின் குறுக்கே 1920-களில் ஒரு வேலி போட்டார்கள். கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஏரிக்கே திரும்பும் சாக்கை சால்மன்களை அங்கே நிறுத்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் உள்ளே விட்டார்கள். (நம் சந்தையில் காலா மீனை ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பார்கள். அதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.) 1931-ல் இந்த ஏரிக்கு வேலைக்கு வந்த இளைஞர்தான் வில்லியம் எட்வின் ரிக்கர். ஒன்டாரியோவில் 1908-ல் பிறந்தவர். 2001-ல், 93 வயதில் இறந்தபோது, மீன்வள அறிவியலில் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு பாடமும் நடத்த முடியாது என்ற நிலை வந்திருந்தது.

அப்போது கல்டஸில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது என்றே சொல்லலாம். சால்மனைப் பிடித்து, சினையைப் பிழிந்து, பொரிப்பகத்தில் குஞ்சு பொரித்து ஏரியில் விடுவது நல்லதா, அல்லது மீனை அதன் போக்கில் முட்டையிட விடுவது நல்லதா? ரஸ்ஸல் ஃபோர்ஸ்டர் என்ற ஆய்வாளர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து, ஏரியை விட்டுக் கடலுக்குப் போகும் குஞ்சுகளை எண்ணினார். பொரிப்பகத்துக்குப் பெரிய ஆதாயம் ஒன்றும் தெரியவில்லை. 1930-களின் நடுவில் கனடா அரசு அந்த மாநிலத்தின் சாக்கை பொரிப்பகங்களை மூடிவிட்டது. ஓர் ஆராய்ச்சியின் தாக்கம் என்றால் என் கணக்கில் இதுதான் தாக்கம்: அறிக்கை வந்தது, கட்டடத்துக்குப் பூட்டு விழுந்தது. அடுத்து ஃபோர்ஸ்டரும் ரிக்கரும் சேர்ந்து, குஞ்சுகளைத் தின்னும் மீன்களை ஏரியிலிருந்து வலை போட்டு எடுத்துப் பார்த்தார்கள். தப்பிப் பிழைக்கும் குஞ்சுகள் கூடின. அதைப் பற்றிய கட்டுரை 1941-ல் வந்தது.

ரிக்கரை உலகறியச் செய்தது 1954-ல் வந்த இன்னொரு கட்டுரை. 65 பக்கம். வெளியிட்டது கனடா மீன்வள ஆராய்ச்சி வாரியத்தின் ஆய்விதழ். அந்த இதழுக்கு அப்போது ஆசிரியரும் ரிக்கர்தான். இன்றைய விதிகளின்படி புருவத்தை உயர்த்துவார்கள். கட்டுரை கேட்ட கேள்வி எளிமையானது: தாய் மீன்கள் அதிகமானால் குஞ்சுகளும் அதிகமாகுமா? ஓரளவுக்குத்தான் என்றார் ரிக்கர். நாற்றை நெருக்கி நட்ட வயலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெண் சால்மன் ஓடையின் சரளையில் குழி பறித்து முட்டையிட்டு மூடுகிறது. இடம் போதாமல் பின்னால் வரும் மீன் அதே இடத்தைப் பறிக்க, முந்திய முட்டைகள் வெள்ளத்தோடு போகின்றன. மிஞ்சியவை பொரித்தாலும் இரைக்குப் போட்டி. பெரிய மீன் சொந்த இனத்துக் குஞ்சையே தின்பதும் உண்டு. ஆகவே தாய் மீன் கூடக் கூட வாரிசு முதலில் ஏறி, ஒரு முகட்டைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. இதுதான் ‘ரிக்கர் வளைவு’. சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் பெவர்ட்டன், ஹோல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த வளைவு ஏறி, அப்படியே தட்டையாகிவிடும், இறங்காது. இரண்டில் எது சரி என்று மீன்வளக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

இனி மேற்கோளுக்கு வருவோம். யூஜீன் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை 1960-களில் வந்த பிறகு, ஒரு விஞ்ஞானியை எத்தனை பேர் அடிக்குறிப்பில் குறிப்பிட்டார்கள் என்று எண்ணுவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ‘ஹெச் இண்டெக்ஸ்’ கொடுத்தார். நாற்பது கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நாற்பது மேற்கோள் என்றால் உங்கள் மதிப்பு 40. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள்.

இந்தத் தராசில் ரிக்கரை வைத்தால் முள் தடுமாறும். அவருடைய பெரும்புகழ் பெற்ற எழுத்துகளில் ஒன்று ஆய்விதழில் வரவே இல்லை. மீன் கூட்டத்தின் எண்ணிக்கை, இறப்பு, வளர்ச்சி ஆகியவற்றைக் கணக்கிடும் முறைகளைத் தொகுத்து 1975-ல் அவர் எழுதிய 382 பக்கப் புத்தகம், ஓர் அரசு வெளியீடு. 191-ஆம் எண் புல்லட்டின். நம் ஊர் அரசு வெளியீடுகள் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். இதுவோ பல ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஹெச் இண்டெக்ஸுக்கு அது ஒரே ஓர் உருப்படிதான். நாற்பது மேற்கோள் வாங்கிய கட்டுரைக்கும் இதற்கும் அங்கே ஒரே மரியாதை.

அட்டவணையில் ஏறாத உழைப்பு வேறு. ரிக்கர் ரஷ்ய மொழி கற்று, அந்த மொழியின் மீன்வளக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பிடிபடும் மீனின் அளவைக் கணக்கிட 1918-ல் பரனோவ் என்ற ரஷ்யர் கண்ட சமன்பாடு மேற்குலகில் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு. இன்று மேற்கோள் போவது பரனோவுக்கு, நியாயமும் அதுதான். மீன் ஆய்வாளர்களுக்காக ஒரு ரஷ்ய–ஆங்கில அகராதியும் தயாரித்தார். ஓடைக் கற்களின் இடுக்கில் வாழும் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சி வகையிலும் அவர் நிபுணர். அதில் ஒரு பேரினத்துக்கு ‘ரிக்கெரா’ என்றே பெயர்.

கூட்டிக் காட்டும் பிழையும் உண்டு. கணினியில் ‘ரிக்கர்’ என்று தேடினால் எண்ணெய் தேடும் நிலநடுக்கவியல் கட்டுரைகள் குவியலாக வரும். அது ‘ரிக்கர் அலை’; அந்த ரிக்கர், நார்மன் ரிக்கர் என்ற வேறொரு மனிதர். மறுபுறம், மீன் ரிக்கரின் வளைவைப் பயன்படுத்தும் பலர் 1954 கட்டுரையைக் குறிப்பிடுவதே இல்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைக் கவனித்திருக்கிறார்: ஒரு கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகும்போது அதன் மூலம் மறைந்துபோகும். வளைவு மீனை விட்டும் போய்விட்டது. 1974-ல் சூழலியலாளர் ராபர்ட் மே, இதே வடிவச் சமன்பாட்டில் பெருக்க வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எண்ணிக்கை முதலில் ஊசலாடி, பிறகு கணிக்கவே முடியாத குழப்பத்தில் விழும் என்று காட்டினார். கேயாஸ் கோட்பாட்டின் தொடக்கப் பக்கங்களில் இப்படி ஒரு சால்மன் ஒளிந்திருக்கிறது.

நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், 1958-ல் வந்த ஒரு கட்டுரை. வலுவான கூட்டமும் நலிந்த கூட்டமும் கலந்து நீந்தும்போது, வலுவானதற்கு ஏற்ற அளவில் வலை வீசினால் நலிந்தது அழியும் என்று ரிக்கர் அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். கல்டஸ் சாக்கை, ஃப்ரேசர் ஆற்றில் பெருங்கூட்டமாக வரும் ஆடம்ஸ் ஆற்றுச் சாக்கையோடு கலந்துதான் வருகிறது. ஒரே வலையில் இரண்டும் சிக்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்டஸ் கூட்டம் அழியும் நிலையில் இருப்பதாக நிபுணர் குழு அறிவித்தது. அதைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று 2005-ல் அரசு முடிவெடுத்தது. சேர்த்தால் ஆடம்ஸ் மீன்பாடும் நிற்க வேண்டியிருக்கும் என்பது காரணம்.

அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றச் சினை மீன்களைப் பிடித்து, செயற்கையாகக் குஞ்சு பொரித்து ஏரியில் விடத் தொடங்கினார்கள். பொரிப்பகம் வீண் என்று ஃபோர்ஸ்டர் எண்ணிக் காட்டிய அதே ஏரியில். வேலியில் எண்ணும்போது இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது: வருவது ஏரியில் பிறந்த மீனா, தொட்டியில் பிறந்ததா என்று பார்த்துத் தனித்தனியே குறிக்க வேண்டும்.