ஆமைக்குத் தயிர்சாதம் வேண்டாம்

தரை ஆமை வளர்க்கும் நம் வீடுகளில், 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று தயிர்சாதமும் ரொட்டியும் வைக்கிறார்கள். ஆப்பிரிக்க சல்காட்டா ஆமை புல் தின்னும் பிராணி; சாதம் அதற்கு ஆகாது. அருகம்புல், செம்பருத்தி இலை, பூ போதும். பழம் கொடுத்தால் ஆவலாகத் தின்னும், வயிறு கெடும். பாலக் கீரை எப்போதாவது சரி. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கடிக்கப் போடலாம்.

தினமும் நேர் வெயில் படவேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது. சுண்ணாம்பும் வெயிலும் குறைந்தால் ஓடு மென்மையாகிக் கோணிவிடும்.

நட்சத்திர ஆமையை மட்டும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சல்காட்டாவோ 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசித்தபின் வாங்குங்கள்.